பெட்டியா, மேகமா?

"ஏம்மா, நாங்க உங்ககிட்ட குளிச்சுட்டுப் போட்டுக்கற அங்கிதானே கேட்டோம்?" என்று போனில் கேட்டார் ஓட்டல் மேலாளர். குரலில் மரியாதை இருந்தது. கையிருப்பில் அதுதான் கடைசி என்பதும் தெரிந்தது.

"ஆமா சார். காலையிலேயே வண்டி வந்திருக்குமே."

"வந்துச்சு. அங்கிக்கு முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கு. கட்டிக்க நாடா வச்சிருக்கு. எங்க விருந்தாளி ஒருத்தர் அதை மாட்டிக்கிட்டு நீச்சல் குளம் வரைக்கும் நடந்து போயிட்டார். முன்னாடி பாத்தவங்க வணக்கம் சொன்னாங்க. பின்னாடி பாத்தவங்க அறையைக் காலி பண்ணிட்டாங்க."

அது ஆபரேஷன் அங்கி. அப்படியானால் ஓட்டலின் பஞ்சு போன்ற வெள்ளை அங்கிகள் இந்நேரம் மருத்துவமனையில் இருக்கும். யாரோ ஒரு நோயாளி, நெஞ்சில் தங்க நூலில் ஓட்டலின் பெயரோடு, இடுப்பில் வார் கட்டிக்கொண்டு, கத்திக்குக் காத்திருப்பார்.

அவள் போனை வைத்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் மறுபடியும் உறைந்திருந்தது. திரையில் ஒரு சின்ன வட்டம், போக இடமில்லாதவன் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அது ஒரு சலவை நிறுவனம். ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணி வெளுத்துக் கொடுப்பது வேலை. ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் ஒரு எண் தைத்திருக்கும். எந்த எண் யாருடையது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கட்டடத்தில் ஆரம்பித்த தொழில் இப்போது மூன்று கிளையாகிவிட்டது. மூன்று கிளைத் துணிக்கும் இந்த ஒரே பெட்டிதான் பதில் சொல்ல வேண்டும். அதுவும் மாடிப்படிக்கு அடியில், பக்கத்து அறையிலிருந்து வரும் ஆவியை மூக்கால் இழுத்துக்கொண்டு, பஞ்சுத் தூசியைப் போர்த்திக்கொண்டு.

நிறுவனத்தில் அவளுக்குப் பெயரும் கம்ப்யூட்டர்தான். "கம்ப்யூட்டரைக் கூப்பிடு" என்றால் அவள் போக வேண்டும். "கம்ப்யூட்டர் சரியில்ல" என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அவளுக்கு முன்னால் அவள் மாமா போயிருக்கிறார், சுவர் எழுப்ப. மாமா கொத்தனார். "மூணு காலேஜ் கட்டியிருக்கேன். உள்ள போய்ப் படிச்ச ஒருத்தியும் உருப்படியா எதையும் கட்டினதா தெரியல" என்பார். அவள் பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து அவருடைய கேள்வி ஒன்றுதான்: "வேலை நிரந்தரமா?"

இல்லை. தற்காலிகம். சேரும்போது ஆறு மாதம் என்றார்கள். அந்த ஆறு மாதம் தீராமல் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் சுலபமானது. நிறுவனத்துக்கு முதலாளிகள் இரண்டு பேர். அண்ணன், தம்பி. பெரிய முதலாளி, சின்ன முதலாளி. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

ஒரு நீளமான தாழ்வாரம். இந்தக் கோடியில் பெரியவர் அறை, அந்தக் கோடியில் சின்னவர் அறை. தனித்தனி காரில் வருவார்கள், தனித்தனியாகப் போவார்கள். எதனால் பேச்சு நின்றது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒரு இஸ்திரி இயந்திரம் வாங்கியதில் வந்த சண்டை என்றார்கள் டிரைவர்கள். அப்பா செத்தபோது யார் முதலில் அழுதது என்பதில் வந்தது என்றார்கள் துணி மடிக்கும் பெண்கள். எது உண்மையோ, இவர் சொல்வதை அவரிடம் சொல்லவும், அவர் சொல்வதை இவரிடம் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். முன்பு அந்த வேலையைச் செய்த பியூன் முட்டி தேய்ந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு அது அவள் தலையில் விழுந்தது. படித்த பெண், வார்த்தை மாறாமல் சொல்வாள் என்றார்கள்.

தாழ்வாரத்தின் நடுவில் வரவேற்பு மேசை. அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காவைத் தாண்டித்தான் ஒவ்வொரு நடையும்.

"போறியா, வரியா?" என்பாள் அக்கா.

"தெரியலக்கா."

நிரந்தரம் பற்றி அவள் கேட்காமல் இல்லை. "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. அவன்கிட்ட கேளு" என்பார் பெரியவர். "எனக்கென்னம்மா? முதல்ல அவரு சொல்லட்டும்" என்பார் சின்னவர். இரண்டு பேருமே சம்மதிக்கும் விஷயம் இரண்டு வருடமாக நடக்காமல் இருப்பது எப்படி என்று அவள் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

இந்த அங்கி விவகாரம் நடந்த அன்று பெரியவர் ஒரு புது வார்த்தை சொன்னார்.

"இந்தக் கம்ப்யூட்டர் பஞ்சாயத்தை முடிச்சுக் குடு. ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே முடிவா கொண்டா. உன் விஷயத்தையும் கையோட முடிச்சுடலாம்."

சின்னவரும் அதையே சொன்னார். அவள் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் தாழ்வாரத்தின் இரண்டு கோடியும் ஒன்றைச் சொல்லியிருந்தன.

அவள் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். பழைய பெட்டிக்குப் பதில் இங்கேயே நல்ல சர்வர் ஒன்று வாங்குவதா, இல்லை இணையம் வழியாக வெளியார் கம்ப்யூட்டரில், அதாவது கிளவுடில், வாடகைக்கு இடம் பிடிப்பதா என்பதுதான் கேள்வி. அவள் பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். அன்றாட வேலைக்கு இங்கே ஒரு சர்வர், இணைய லைன் அறுந்தாலும் துணி நிற்காது. அதன் நகல் கிளவுடில், இங்கே ஆவியில் பெட்டி செத்தாலும் கணக்கு சாகாது, கிளைகளும் பார்த்துக்கொள்ளும்.

பெரியவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். "ரெண்டும்னு எழுதியிருக்கியே, ரெண்டு பேர்கிட்டயும் நல்ல பேர் வாங்கப் பாக்கறியா?"

சின்னவர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். "முடிவு எடுக்கத் தெரியாதவங்கதான்மா ரெண்டும்னு எழுதுவாங்க."

பெரியவருக்குப் பெட்டி வேண்டும். சின்னவருக்கு மேகம். கிளவுட் என்ற சொல் ஆவியறைவரை போய்ச் சேர்ந்து மேகமாகத் திரும்பி வந்திருந்தது.

அதற்கேற்ப இரண்டு விற்பனையாளர்கள் வந்து போனார்கள். சர்வர் விற்கிறவர் பெட்டிக்காரர். எதைச் சொன்னாலும் பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தட்டிச் சொல்வார். கிளவுட் விற்கிறவர் மேகக்காரர். தட்டிக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. படம் படமாகக் காட்டுவார்.

"நம்ம வீட்டு நகையைக் கொண்டுபோய் எவனோ ஒருத்தன் வீட்ல வைப்போமான்னு அவன்கிட்ட கேளு" என்றார் பெரியவர்.

அவள் நடந்தாள்.

"பேங்க் லாக்கர்ல வைக்கறதில்லையான்னு கேளு" என்றார் சின்னவர்.

திரும்பி நடந்தாள்.

"லாக்கர் சாவி என் இடுப்புல இருக்கு. மேகத்துக்குச் சாவி எவன் இடுப்புலன்னு கேளு."

மறுபடியும் நடந்தாள்.

"ஆவியில வெந்த பெட்டிக்குச் சாவி எதுக்குன்னு கேளு."

"ஏண்டி, பேசாம ஒரு சைக்கிள் கேட்டு வாங்கு" என்றாள் அக்கா.

பெரியவர் சாய்ந்து உட்கார்ந்தார். "அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டைக்கும் போடாத சட்டைக்குமே வித்தியாசம் தெரியாது. மேகத்தைப் பத்திப் பேச வந்துட்டான். இதை அப்படியே போய்ச் சொல்லு."

"அப்படியேவா சார்?"

"ஒரு எழுத்து குறையக் கூடாது."

நடுவழியில், அக்காவின் மேசைக்கு முன்னால், அவள் நின்றுவிட்டாள். இதைச் சொன்னால் அவர் ஒன்று சொல்வார். அதை இங்கே கொண்டுவந்தால் இவர் ஒன்று சொல்வார். அவள் முட்டி தேயும், ஓய்வு பெறுவாள், தற்காலிகமாகவே. இரண்டு பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பட்டம் தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது.

வார்த்தை மாறாமல் சொன்னதுதான் இதுவரை செய்த தப்பு என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு பெரிய முதலாளி சொல்றார் சார்" என்றாள் சின்னவரிடம்.

சின்னவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரு வாயாலயா?"

"ஆமா சார்."

"நியாயம்ங்கற வார்த்தையையா?"

"ஆமா சார்."

சின்னவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அப்ப இதுல ஏதோ இருக்கு. அவரு நல்லதுன்னு சொன்ன எதுவும் எனக்கு நல்லதா இருந்ததே இல்ல. அந்த மேகக்காரன் அவருக்கு வேண்டியவனா இருப்பான். எனக்குப் பெட்டிதான் வேணும்னு சொல்லு."

அவளுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் யோசித்தாள். பெரியவர் கேட்பதும் பெட்டிதானே. காரியம் முடிந்தது. ஏறக்குறைய ஓடிப்போய்ப் பெரியவரிடம் சொன்னாள். இது பச்சை உண்மை என்பதால் மூச்சு வாங்கினாலும் குரல் தைரியமாக வந்தது.

"சின்ன முதலாளியும் பெட்டிக்கே சம்மதம்ங்கறார் சார்."

பெரியவர் முகம் மலரவில்லை. சுருங்கியது. "அவனா?"

"ஆமா சார். அவரே சொன்னார்."

"ஏம்மா, பெட்டி வந்தா அது எங்க இருக்கணும்?"

"குளிர்ச்சியான இடத்துல சார். ஆவி படாம."

"இந்தக் கட்டடத்துல ஆவி படாத பெரிய ரூம் எது?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். அவர் அறைதான்.

"பாத்தியா. பெட்டியை உள்ள வச்சுட்டு என்னைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில போடப் பாக்கறான். எனக்கு மேகமே இருக்கட்டும்னு போய்ச் சொல்லு."

ஆக, மேகம் கேட்டவர் பெட்டிக்கும், பெட்டி கேட்டவர் மேகத்துக்கும் போய்விட்டார்கள். காலையில் இருந்த சண்டை அப்படியே இருந்தது. ஆட்கள்தான் பக்கம் மாறியிருந்தார்கள்.

இதை விற்பனையாளர்களுக்கும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் கைவிட்டுவிட்டார் என்றதும் பெட்டிக்காரர் போனிலேயே எதையோ தட்டினார். "விலையைக் கொஞ்சம் இறக்கித் தர்றேம்மா. பெரியவர்கிட்ட சொல்லிப் பாருங்க." சின்னவர் கைவிட்டுவிட்டார் என்றதும் மேகக்காரரும் இறங்கினார். அவர்கள் இறங்குவதில் அவளுக்கு என்ன? அவளுக்கு வேண்டியது ஒரு முடிவு.

இரண்டு நாள் கழித்து வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். "என்னடி, ஆச்சா?"

"ஆகுதும்மா."

"மாமா கேட்டார்."

"மாமாவுக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. நாலாவது காலேஜ் கட்டறார்."

அவள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து யோசித்தாள். இந்த இரண்டு பேருக்கும் சம்மதம் என்ற சொல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. திட்டு மட்டும் நன்றாகச் செரிக்கிறது. அப்படியானால் திட்டையே பரிமாற வேண்டியதுதான். பெரியவர் இப்போது மேகம். சின்னவரையும் மேகத்துக்குத் திருப்ப வேண்டும். அதற்கு, பெரியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று சின்னவர் நம்பினால் போதும்.

"சார், பெரிய முதலாளி பெட்டிதான்னு ஒரே பிடியா நிக்கறார்" என்றாள் சின்னவரிடம். "உங்களுக்கு இஸ்திரி போட்ட சட்டைக்கும் போடாத சட்டைக்குமே வித்தியாசம் தெரியாதாம்."

சின்னவர் முகத்தில் நிம்மதி பரவியது. "இப்பதான் அவரு பேசற மாதிரி இருக்கு. மேகம்தான்னு சொல்லு. இனி மாத்தமே இல்ல."

பெரியவரிடம் போனாள். "சின்ன முதலாளி பெட்டியை விடவே மாட்டேங்கறார் சார். இந்த ரூமை அளந்து பாக்கச் சொன்னார்."

அளக்கச் சொன்னது அவளுடைய சொந்தச் சரக்கு. சொல்லும்போதே அதன் அழகு அவளுக்குப் பிடித்துப்போனது.

"அளந்து பாக்கறானா? மேகம். முடிஞ்சுது" என்றார் பெரியவர்.

இரண்டு பேரும் மேகம். அடுத்தவரைத் தோற்கடித்துவிட்டதாக இரண்டு பேருக்கும் திருப்தி. அவள் மேகக்காரரை வரவழைத்தாள்.

"கையெழுத்து ஒரே தாள்ல வேண்டாம் சார். ரெண்டு தாள் கொண்டாங்க" என்றாள்.

"ஒரு கம்பெனிக்கு எதுக்கும்மா ரெண்டு ஒப்பந்தம்?"

"அது எங்க வழக்கம்."

"ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பாக்க வேண்டாமா?"

"பாக்கவே கூடாது. அதுவும் வழக்கம்."

இரண்டு தாளிலும் கையெழுத்து விழுந்தது. அன்றைக்கே அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். அங்கேதான் அடுத்த வில்லங்கம். அந்தப் பகுதிக்கு வரும் இணைய லைன் சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகும். அதில் மூன்று கிளைத் துணியின் கணக்கும் போக வேண்டும். கம்ப்யூட்டர் ஏற்றுகிற வேலையைப் பார்த்ததே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஒரு வாரமாகியும் பாதிதான் ஏறியிருந்தது. எண்ணைக் காட்டினால் வட்டம் சுற்றியது. துணி மூட்டைகள் தாழ்வாரம்வரை வந்து குவிந்தன. மடிக்கும் பெண்கள் துணியின் நிறத்தைப் பார்த்து, உத்தேசமாக வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

"எங்க நர்சுங்க எல்லாரும் ஓட்டல் சிப்பந்தி உடுப்புல நிக்கறாங்கம்மா."

"மன்னிச்சுக்குங்க மேடம். உடனே மாத்திடறோம்."

"சீக்கிரம் மாத்துங்க. நோயாளிங்க மருந்தைத் திருப்பி அனுப்பிட்டு வேற என்ன இருக்குன்னு கேக்கறாங்க."

துணி நிற்காமல் ஓட, ஏற்றம் முடியும்வரை ஒரு மாற்றுக் கம்ப்யூட்டர் வேண்டும். இரவலாகக் கொடுக்கக்கூடிய ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். பெட்டிக்காரர்.

"ஒரு வாரத்துக்கு மட்டும் சார். சின்னதா ஏதாவது இருந்தா போதும்."

"அவ்வளவுதானே? வந்துட்டே இருக்கேன்" என்றார் பெட்டிக்காரர். அவர் குரலில் இருந்த உற்சாகம் அவளைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும்.

சின்னதாக எதுவும் வரவில்லை. சக்கரம் வைத்த பலகையில், ஆளுயர இரும்பு அலமாரி ஒன்று, மூன்று பேர் தள்ள, பெட்டிக்காரர் தட்டிக்கொண்டே வர, தாழ்வாரத்துக்குள் நுழைந்தது. துணி மூட்டைகளைத் தாண்ட முடியாமல் அக்காவின் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டது.

"சார், நான் கேட்டது இரவல்."

"இரவல்தான்மா. ஒரு தடவை போட்டுப் பாருங்க. அப்புறம் நீங்களே திருப்பித் தர மாட்டீங்க." அவள் தடுப்பதற்குள் அதைச் செருகி முடுக்கிவிட்டார்.

தாழ்வாரத்தின் சூட்டில் அந்தப் பெட்டியின் விசிறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழன்று ஊளையிட்டன. இரண்டு கோடியிலும் கதவு திறந்தது.

இந்தக் கதவில் பெரியவர். அந்தக் கதவில் சின்னவர். நடுவில் பெட்டி, பெட்டிக்காரர், மடியில் கணினியோடு துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மேகக்காரர், அக்கா, அவள். இரண்டு முதலாளிகளும் ஒரே இடத்தில் நின்று அவள் பார்த்ததே இல்லை. ஓடி ஓடி மாற்றிச் சொல்ல இனி தூரம் இல்லை. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் நேராகவே விழும்.

"இது என்னன்னு அவன்கிட்ட கேளு" என்றார் பெரியவர்.

"இது என்னன்னு பெரிய முதலாளி கேக்கறார் சார்."

"எனக்கும் அதுதான் தெரியணும்னு சொல்லு. மேகத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சே, பெட்டி எதுக்கு வந்துச்சு?"

பெரியவர் புருவம் ஏறியது. "மேகத்துக்கு நான்தானே கையெழுத்துப் போட்டேன்? அவன் பெட்டிக்காக என் ரூமை அளந்துக்கிட்டு இருந்தான்னு சொன்னியே?"

"நான் எங்க அளந்தேன்?" என்றார் சின்னவர், அவளைப் பார்த்து. "அவருதான் பெட்டியை விட மாட்டேங்கறாருன்னு சொன்ன?"

அக்காவின் மேசையில் போன் அடித்தது. அக்கா எடுக்கவில்லை. எல்லோரும் ஊளையிடும் பெட்டியை விட்டுவிட்டு இந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், அவளை.

முதலில் பயந்தவர் பெட்டிக்காரர். "சார், இறக்கின பெட்டியைத் திருப்பி ஏத்திட்டுப் போனா என் பொழைப்பே போயிடும். பாதி விலைக்கே வச்சுக்குங்க."

மேகக்காரர் எழுந்து நின்றார். "நாங்களும் பாதி சார். ஒப்பந்தத்தை மட்டும் கிழிச்சுடாதீங்க."

பெரியவர் பெட்டியின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். "ரெண்டுமே இருந்துட்டுப் போகட்டுமான்னு அவன்கிட்ட கேளு. பெட்டியை வைக்க ஆவி படாம ஒரு தடுப்பு கட்டிக்கலாம்."

"ரெண்டும் இருக்கட்டுமான்னு கேக்கறார் சார்."

"இருக்கட்டும்னு சொல்லு. வேலை இங்க நடக்கட்டும். நகல் அங்க இருக்கட்டும்."

இது அவள் எழுதிக் கொடுத்த அறிக்கை. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"சரி" என்றார் பெரியவர். "இந்தப் பொண்ணை என்ன பண்றதுன்னு கேளு."

"என்னை என்ன பண்றதுன்னு பெரிய முதலாளி கேக்கறார் சார்."

"சீட்டைக் கிழிச்சுடலாம்னு சொல்லு."

"என் சீட்டைக் கிழிச்சுடலாமாம் சார்."

"எப்பலேருந்துன்னு கேளு."

"எப்பலேருந்துன்னு கேக்கறார் சார்."

"இன்னிலேருந்தேன்னு சொல்லு. நம்பி அனுப்பினா நடுவழியில மாத்திச் சொல்றவ நமக்கு எதுக்கு?"

"இன்னிலேருந்தேயாம் சார்." தன் குரல் எவ்வளவு சுத்தமாக, பிசிறில்லாமல் வருகிறது என்பதை அவளே கேட்டாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, தன் வேலை போவதைத் தானே இரண்டு பக்கமும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மாமா கட்டிய சுவரிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவன் சொல்றது சரிதான்னு சொல்லு" என்றார் பெரியவர். "இன்னிவரைக்கும் உள்ள கணக்கை முடிச்சு அனுப்பிடலாமான்னு கேளு."

அவள் சின்னவர் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இரண்டு பேரும் எதைப் பேசினாலும் அவள் வாய் வழியாகத்தான் பேசியாக வேண்டும். அந்த வாய் அவளுடையது.

"என்னை நிரந்தரம் ஆக்க உங்களுக்குச் சம்மதமான்னு பெரிய முதலாளி கேக்கறார் சார்" என்றாள்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் எப்ப அப்படிக் கேட்டேன்?" என்றார் பெரியவர்.

"அதை நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க சார்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அப்புறம் அக்காவைப் பார்த்து, "நீயாவது சொல்லேம்மா" என்றார்.

"போன் அடிக்குது சார்" என்று அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். போன் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

பெட்டிக்காரர் பெட்டியைத் துடைத்தார். மேகக்காரர் திரையில் எதையோ உற்றுப் பார்த்தார். அவர்களைக் கேட்டுப் பயனில்லை என்று பெரியவருக்கே தெரிந்தது.

"உங்க பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றாள் அவள், அந்தக் கோடியைப் பார்த்து.

சின்னவர் தலையைச் சொறிந்தார். "அவருக்கே சம்மதம்னா நான் என்ன குறுக்க நிக்கப் போறேன். எனக்கும் சம்மதம்னு சொல்லு."

"சம்மதமாம் சார்."

பெரியவரின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. அதை மறைக்கிறவர் போல அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோல்வியை விழுங்கும்போது மனிதர்களுக்கு அப்படித்தான் துடிக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு கதவும் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

அக்கா ரிசீவரை வைத்தாள். "அடிப்பாவி" என்றாள், அவ்வளவு ஆசையாக.

மாலைக்குள் நியமன ஆணை கைக்கு வந்துவிட்டது. இரண்டு கையெழுத்து, ஒரே தாளில். இரண்டு வருடமாக அசையாத ஒன்று ஒரே மதியத்தில் தட்டச்சாகி வந்திருந்தது. இதற்குத்தான் கேட்க வேண்டிய விதத்தில் கேட்க வேண்டும் என்பது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நிரந்தரம்மா."

"மாமாகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா நம்ப மாட்டார்" என்றாள் அம்மா.

"நான் வாயைத் திறந்து வாங்கினதும்மா. படிச்ச படிப்பு வீண் போகலன்னும் சொல்லு."

சொல்லி முடித்துத் திரும்பியபோது, துணி மூட்டைகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். அக்கா எழுந்து நின்றாள். "பெரிய முதலாளி வீட்டம்மா. ஆபீஸ் பக்கம் வந்ததே இல்ல" என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

அந்த அம்மாள் ஊளையிடும் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அவள் கையிலிருந்த ஆணையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகி, அவள் கன்னத்தைத் தட்டினார்.

"நீதானா அந்தக் கம்ப்யூட்டர்? தினமும் ராத்திரி வீட்ல ஒண்ணா சாப்பிடறப்ப அண்ணனும் தம்பியும், நீ அன்னிக்கு யார்கிட்ட என்னத்தை மாத்திச் சொன்னேன்னு ஒருத்தருக்கொருத்தர் நடிச்சுக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. இந்தப் பொண்ணை விட்டா எந்த வியாபாரி உங்களுக்கு விலையை இறக்கித் தருவான், நிரந்தரம் பண்ணிடுங்கன்னு நான் சொல்லி, அவங்களும் சரின்னு போன வாரமே முடிவு பண்ணிட்டாங்களேம்மா."